மருதங்கோட்டை ராஜா ஆக்ஸ் ஆன கதை

கும்பினிக்காரர்கள் கப்பலில் வந்திறங்கி ஊருக்கு ஊர் பங்களா கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மருதங்கோட்டை என்றொரு சீமையை அபயரங்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பைத்தியம், மாலையில் ஒரு பைத்தியம் என்று இருக்கிறவர். அவர் சபையில் யாரும் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது. அது அபசகுனமாம். சொன்னவன் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இப்படிச் சட்டம் போட்டால் சபையில் என்ன வளரும்? பொய்தான் வளரும்.

அதில் கொழுகொழுவென்று வளர்ந்தவர் துபாஷி திருமேனிநாதர். வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழில் சொல்லவென்று சம்பளம் வாங்குகிறவர். சென்னப்பட்டணத்துத் துறைமுகத்தில் ஆறு மாதம் நின்று அவர் கற்ற இங்கிலீஷ் 'எஸ் சார்', 'நோ சார்', 'குட் மார்னிங்'. நல்லவேளையாக அந்தப் பக்கம் துரை எவரும் வந்ததில்லை. வேலை இல்லாததால் மந்திரி பொன்னம்பலவாணரின் ஆசனத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

திடீரென்று ஒரு துரை வந்து ஊரெல்லையில் குடியேறினார். ராஜாவுக்குக் காணிக்கையாக ஒரு மரப்பெட்டி அனுப்பினார். அதன் மூடியில் எக்ஸ் என்ற எழுத்து.

"அடடே, நம் கொடியில் இருக்கிற குறுக்கு வாள். இதை வெள்ளைக்காரன் எழுத்தாகவே வைத்துக்கொண்டிருக்கிறானா?" என்று ராஜா பூரித்துப்போனார். "துபாஷியாரே, இந்த எழுத்து வருகிற சொற்களாக எனக்குக் கொடும். மூன்றெழுத்துக்கு மேல் வேண்டாம், வாய் வலிக்கும். துரை முன்னால் பேசப்போகிறேன். அவர் மெச்சினால் மந்திரி ஆசனம் உமக்கு."

திருமேனிநாதருக்குத் துறைமுகத்தில் காதில் விழுந்த சொற்கள் ஞாபகம் இருந்தன. பொருள்தான் இல்லை. ஆனால் ஆசனம் அதோ, நாலடி தூரத்தில் இருந்தது.

"ஆக்ஸ் என்றால் மன்னாதி மன்னன், மகாராஜா. பாக்ஸ் என்றால் கிரீடம். வேக்ஸ் என்றால் வெற்றித் திருமகள்."

அவ்வளவுதான். இருபது நாள் அரண்மனை முழுக்க "நான் ஆக்ஸ்" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார் ராஜா. காவலாளிகள் "ஆக்ஸ் வாழ்க" என்று ஈட்டியைத் தட்டினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் துபாஷி தூண் மறைவுக்கு நகர்ந்தார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசிற்று.

துரை அரண்மனைக்கு வருவதற்கு முதல் நாள் மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, பங்களாவில் துரை இங்கிலீஷ் சொல்லைச் சொன்னால் சமையற்காரி அந்தப் பொருளைக் கொண்டுவந்து நிறுத்துகிறாளாம். அந்தச் சமையற்காரியை அழைத்து, நம் சொற்களை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடலாமே. உப்புப் பார்க்காமல் பந்தி போடுவானேன்?"

சமையற்காரி சவரியாயி துரை வீட்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். கையெல்லாம் மஞ்சள் கறை.

"உனக்கு இங்கிலீஷ் வருமா, அம்மா?" என்று கேட்டார் ராஜா.

"எழுதப் படிக்கத் தெரியாதுங்க சாமி. துரை கேட்டதை எடுத்துக் கொடுப்பேன்."

சபையில் தலைகள் திரும்பின. 'தெரியாது' என்று சொல்லிவிட்டாளே. "வெளியூர்க்காரி, பொறுத்தருள வேண்டும்," என்றார் மந்திரி. இடுப்புக் குடத்தை இறக்கிவைக்கிற மாதிரி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று துபாஷி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேக்ஸ்," என்றார் ராஜா, திருமகளை வரவேற்கிற கம்பீரத்தோடு.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓலைக்கு முத்திரை வைக்கிற கணக்கர் முன்னால் கிடந்த அரக்குக் குச்சியை எடுத்து நீட்டினாள்.

ராஜா முகம் சுருங்கியது. "பாக்ஸ்."

வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி வந்தாள்.

"ஆக்ஸ்," என்றார் ராஜா. இந்தத் தடவை குரல் இறங்கிவிட்டது.

சவரியாயி தயங்கினாள். "இங்கேயேவா, சாமி?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் துரை வீட்டு வண்டிமாடு, சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு.

ராஜா மாட்டைப் பார்த்தார், பிறகு துபாஷியைப் பார்த்தார்.

"துபாஷியாரே," என்றார் ராஜா, "இவள் காட்டுவது சரியா, நீர் சொன்னது சரியா?"

திருமேனிநாதரிடம் பதில் தயாராக இருந்தது. 'இவளுடையது அடுப்பங்கரை இங்கிலீஷ், என்னுடையது அரண்மனை இங்கிலீஷ்.' சொன்னால் சபை நம்பும். வாயைத் திறந்தார். அப்போது சவரியாயியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அவருக்காக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"மகாராஜா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது," என்று சொல்லித் தலைப்பாகையை அவிழ்த்தார். காது மடல் எரிந்தது. நிமிரவே முடியவில்லை.

"இருபது நாளாக நான் மாடு, நான் மாடு என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்," என்றார் ராஜா மெதுவாக. "நாளைக்குத் துரையிடம் சொல்லியிருந்தால்?"

"வைக்கோல் போடச் சொல்லியிருப்பார், மகாராஜா," என்றார் மந்திரி.

முதலில் சிரித்தது ராஜாதான். சிரித்து முடித்தபோது அவர் முகமும் சிவந்திருந்தது. "அந்தச் சட்டம் போட்ட முட்டாள் நான். இன்றோடு அது போயிற்று," என்றார். மந்திரிக்குத் தன் முத்துமாலையையும் சவரியாயிக்கு ஒரு ஜோடித் தங்க வளையலையும் கொடுத்தார். துபாஷியிடம் திரும்பினார். "வண்டி பிறகு வரட்டும், மாட்டை நீரே பங்களாவில் கொண்டுபோய்க் கட்டும். அங்கேயே இந்த அம்மாவிடம் படியும். போதும் என்று அவள் சொன்னால் தலைப்பாகை திரும்ப வரும்."

வெறுந்தலையோடு, மாட்டைப் பிடித்துக்கொண்டு, நாலு தெரு நடந்தார் திருமேனிநாதர். விஷயம் தெரியாதவர்கள் வழக்கம்போல "துபாஷி ஐயா, கும்பிடறேன்" என்றார்கள். ஒவ்வொரு கும்பிடும் முகத்தில் அறைந்தது.

ஊர் தாண்டியதும் முன்னால் போனவளைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

"அம்மா, வேறென்ன சொல்லெல்லாம் இருக்கு? அந்த 'க்ஸ்' சத்தம் வர்ற மாதிரி?"

"இருக்குங்க ஐயா. சொல்றேன்," என்றாள் சவரியாயி. "முதல்ல கயித்தை இறுக்கிப் பிடிங்க. மாடு வயல்ல இறங்குது."