ஒட்டு மாமரத்தின் மேல் போட்ட கேஸ்

கோணப்பட்டிக்கு மாம்பழம் வாங்கப் போகிறவன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். அப்படிச் சூடு ஏறும்.

அங்கே மாதேசன், கெம்பண்ணன், தொட்டியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். அவர்கள் தோட்டத்தில் தானாக முளைத்த மாமரம் ஒன்று. பழம் உள்ளே குங்குமச் சிவப்பு, மருந்துக்கும் நார் கிடையாது. அப்படி ஒரு ரகம் வேறெங்கும் இல்லை.

தோட்டக்கலை அதிகாரி அம்மா வந்து தின்று பார்த்தார். "இதை உங்க பேர்லயே பதிவு பண்ணலாம். ஒட்டுக்கட்டி இன்னொரு மரம் வளருங்க. அதுவும் இதே பழத்தைக் காய்ச்சா, நான் நேர்ல வந்து மரத்துலயே பார்த்துக் கையெழுத்துப் போடுறேன். அப்புறம் உங்க அனுமதி இல்லாம யார்கிட்ட இந்தப் பழம் காய்ச்சாலும் கேஸ் போடலாம்" என்றார்.

மூவரும் கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

ஒட்டுக்கன்று வளர்ந்து காய்த்தது. முதல் பழத்தை அறுத்தார்கள். அதே சிவப்பு, அதே ருசி. மூன்று முகமும் சுருங்கிப்போயின.

"அண்ணே, இது நம்ம பழமாச்சே!" என்றான் தொட்டியப்பன்.

"அனுமதி யாருடா குடுத்தது?" என்றான் மூத்தவன் மாதேசன்.

"நான் குடுக்கல."

"நானும் குடுக்கல. நம்ம தண்ணியக் குடிச்சிட்டு நம்ம பழத்தையே காப்பியடிச்சிருக்கு, திருட்டுக் கழுத!"

மரத்தை நிற்கவைத்து விசாரித்தார்கள். காய்ப் பாரத்தில் கிளைகள் வளைந்திருந்தன.

"பாரு, குத்தமுள்ள நெஞ்சு. தலை நிமிர மாட்டேங்குது" என்றான் கெம்பண்ணன்.

உடனே பழத்தையெல்லாம் ஜப்தி செய்து டிரங்குப் பெட்டியில் பூட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து, பழ மண்டி வைத்திருக்கும் நான் கொள்முதலுக்கு வண்டியோடு போய்ச் சேர்ந்தேன். "அடப் பாவிகளா! அந்தம்மா மரத்துல பார்க்கவேண்டிய பழம்டா அது! பழம் இல்லாட்டி பதிவே போச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சாட்சியை வெளிய விடக்கூடாது மண்டிக்காரண்ணே" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தான் கெம்பண்ணன்.

பத்து நாள் கழித்து அந்தம்மா வந்தார். பெட்டியைத் திறந்தார்கள். அழுகிய கூழும் கொசுவும்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தைச் சுற்றியவர் கண்ணில், இலை மறைவில் தப்பிய ஒரே ஒரு பழம் பட்டது. அதைத் தின்றதும்தான் கோபம் இறங்கியது.

"யோவ், இது அந்த மரத்தோட பிள்ளைய்யா! அதே பழம் காய்க்காம பலாப்பழமா காய்க்கும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பெற்ற பிள்ளை மேல் கேஸ் போட்டோமே என்று மூவருக்கும் அழுகை. ஒட்டு மரத்துக்குப் புது வேட்டி கட்டி மன்னிப்புக் கேட்டார்கள்.

அடுத்த பருவத்தில் பழம் கேட்டுப் போனேன்.

"பிள்ளைக்கும் சொத்துல உரிமை உண்டுல்ல? அதோட பழத்துக்கு விலையை அதுகிட்டயே பேசிக்கங்கண்ணே" என்றான் மாதேசன்.

கத்திப் பார்த்தேன். மூவரும் மரத்தைத்தான் காட்டினார்கள். பழமோ அப்படிப்பட்ட பழம், விட்டுவர மனசில்லை. எங்கள் தொழிலில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம்; நீட்டிய விரல் ஒவ்வொன்றும் நூறு ரூபாய், மடக்கினால் விலை இறங்கும். வேறு வழியில்லாமல் தாழ்ந்த கிளை மேல் துண்டைப் போட்டுக் கையை விட்டேன். கொத்தில் ஐந்து இலை.

ஒன்றையாவது மடக்கேன் என்று இன்னும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.