பவுடர் பூசாத முகம்

"நாளைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டு வாம்மா. மிஷினுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்."

காவலாளி ஆபிரகாம் வடிவிடம் சொன்னது கண்ணாடிக் கதவின் காதில் விழுந்தது.

நகரத்து வாசகசாலை ஒன்றின் கதவு அது. அதன் தலைக்கு மேல் புதிதாக ஒரு கேமராக் கண்ணைப் பொருத்தியிருந்தார்கள். கண் முகத்தை அடையாளம் கண்டு சொன்னால்தான் கதவு திறக்க வேண்டும். கையால் திறந்துவிடக் கூடாது என்று ஆபிரகாமுக்கு உத்தரவு.

வடிவு நல்ல கறுப்பு. அவளைக் கண் ஒருநாளும் கண்டுகொள்ளவில்லை. தேர்வு நெருங்கிவிட்டது, அவளுக்கு வேண்டிய புத்தகங்கள் உள்ளே இருந்தன. படியில் உட்கார்ந்து கண்ணாடி வழியே அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கண் வருவதற்கு முன்பு எல்லோரும் கதவை முழங்கையால் இடித்துத் தள்ளுவார்கள். வடிவு மட்டும் உள்ளங்கையை வைத்து மெல்லத் திறப்பாள். அந்தச் சூட்டுக்காகக் கதவு ஏங்கியது.

"அவள் நிற்கிறாள், தெரியவில்லையா?" என்று கேட்டது.

"யாரும் இல்லையே" என்றது கண்.

"என் முன்னால்தான் நிற்கிறாள்!"

"எனக்குக் காட்டிய முகங்களில் அப்படி ஒரு முகம் இல்லை. நான் என்ன செய்ய? எனக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்த படக்குவியலைக் கேள்."

கம்பி வழியாகக் கதவு படக்குவியலைக் கேட்டது. "என்னிடம் போட்டதைத்தான் நான் வைத்திருக்கிறேன். அவசரத்தைக் கேள்" என்றது அது.

"சீக்கிரம் விற்கச் சொன்னார்கள். சொன்னவர்களைக் கேள்" என்றது அவசரம்.

சொன்னவர்கள் இருந்த இடம்வரை கம்பி போகவில்லை.

மறுநாள் வடிவு முகத்தில் வெள்ளையாகப் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள்.

"ஆள் வந்தாயிற்று. திற!" என்றது கண்.

கதவு திறந்தது. அவள் தலைகுனிந்தபடி, கதவைத் தொடாமலே உள்ளே போனாள்.

"இப்போது சந்தோஷம்தானே?" என்றது கண்.

"நான் காத்திருந்தது இவளுக்காக இல்லை."

மத்தியானம் வடிவு டீ குடிக்க வெளியே போனாள். திரும்பி வருவதற்குள் வியர்வையில் பவுடர் கரைந்துவிட்டது. அவளுடைய பை உள்ளே இருந்தது. "யாரும் இல்லை" என்றது கண்.

ஆபிரகாம் சொல்லிச் சொல்லி, அன்றைக்குத்தான் கண்ணைச் செய்த மதுசூதன் பார்க்க வந்திருந்தார். கண் அவரைக் கண்டதும் துள்ளியது. கதவு திறந்தது.

"நல்லாத்தானே வேலை செய்யுது? அந்தப் பொண்ணு நிக்கிற இடத்துல வெளிச்சம் பத்தலை" என்றார் அவர். "இன்னொரு தடவை பாருங்க." உள்ளே போனவர் மறுபடி வெளியே வந்து கதவின் முன்னால் நின்றார்.

"தெரிந்த முகம். திற!" என்றது கண்.

கதவு அசையவில்லை.

"திற! நம்மைச் செய்தவர்!"

"உன்னைச் செய்தவர். எனக்கு யாரென்று தெரியவில்லை."

மதுசூதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தலைமுடியை ஒதுக்கினார். சிரித்துப் பார்த்தார். வெயில் உச்சியில் காய்ந்தது.

"சார், கொஞ்சம் பவுடர் போட்டுப் பாக்குறீங்களா?" என்றார் ஆபிரகாம்.

மதுசூதன் திரும்பினார். பக்கத்தில் வடிவு நின்றாள். அவள் கன்னத்தில் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. அவர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஆபிரகாமின் ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு, மேலே ஏறி, கண்ணைத் தன் கையாலேயே கழற்றினார்.

வடிவு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துவிட்டு, கதவில் உள்ளங்கையை வைத்தாள்.