ஒன்பதாவது நூல்

இரும்புக்கும் கந்தகத்துக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், எட்டுத் தனிமங்கள் ஒரு பாறைக் குகையில் குடியிருந்தன. சோடியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான். ஒருவரைவிட அடுத்தவர் கனம் கூடுதல். அந்த வரிசையில்தான் உட்காருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள்.

அந்த வருஷம் மழை முன்னதாகவே திரண்டது. குகையோ ஒழுகும் குகை. மற்றவர்களுக்கு நனைவதோடு போயிற்று. சோடியத்துக்கு அப்படி இல்லை. உடம்பில் தண்ணீர் பட்டால் தீப்பிடித்துவிடும். போன மழையில் அவன் அண்ணன் ஒரு குட்டையில் விழுந்து வெடித்துப்போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அதனால் தையல்சிட்டைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு இலைச்சட்டை தைத்துத் தரச் சொன்னார்கள். ஆர்கான் மட்டும் வேண்டாம் என்றார். அவர் யாரோடும் சேராதவர், மழையோடும் சேரமாட்டார். சிட்டிடம் எட்டுத் தேக்கிலை இருந்தது. ஏழு இவர்களுக்கு. ஒன்றைத் தன் கூட்டுக்கு எடுத்துவைத்தது; இரண்டு நாளில் முட்டையிட வேண்டும்.

சிட்டுக்கு அன்று அவசரம். இடுப்பை அளக்கவில்லை. ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி இறக்கியது, அவ்வளவுதான். கனம் கூடினால் உடம்பும் பெரிது என்று கணக்குப் போட்டு, சோடியத்துக்குச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக்கொண்டே போய், குளோரினுக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தைத்தது.

போட்டுப் பார்த்தார்கள். சோடியத்தின் சட்டை கழுத்தைத் தாண்டவில்லை. குளோரினுடையது தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குத் தைச்சியா, இந்தக் குகைக்குத் தைச்சியா?" என்று குளோரின் கேட்டாள். அவள் பேச்சே கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

நடுவில் இருந்த சிலிக்கான் மட்டும், "என்னுது சரியாத்தானே இருக்கு" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சிட்டு வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பறந்து பார்த்தது. பிறகு கடைசிச் சட்டையை முதல் ஆளுக்கும் முதல் சட்டையைக் கடைசி ஆளுக்கும் என்று தலைகீழாக மாற்றிப் போடச் சொன்னது. அளவெடுத்ததுபோல் எல்லாருக்கும் பொருந்தியது. சோடியம் பெருமூச்சு விட்டான். கனம் கூடக்கூட உடம்பு சிறுத்துக்கொண்டே போகும், இவ்வளவுதானா சங்கதி என்று சிட்டு நினைத்துக்கொண்டது. ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் வெளியிலிருந்து பொட்டாசியம் ஓடிவந்தான். சோடியத்துக்குப் பங்காளி. தண்ணீர் விஷயத்தில் அவனைவிட மோசம். பட்ட இடத்தில் ஊதா நிறமாய் எரிவான். மழை பின்னாலேயே வருகிறது, எனக்கும் ஒரு சட்டை வேண்டும் என்றான்.

சிட்டு தன் கூட்டுக்கு வைத்திருந்த இலையைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. இலையை எடுத்துவிட்டது. தராசில் ஏறச் சொன்னது, குளோரினைவிடக் கனம். அப்படியானால் குளோரினைவிடச் சின்ன உடம்பு. அளக்காமலேயே இலையை நறுக்கியது.

சட்டை அவன் மணிக்கட்டுக்குமேல் ஏறவில்லை.

சோடியத்தைவிடவும் பெரிய உடம்பு அவனுக்கு. சிட்டு நறுக்கின துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தது. ஒட்டவில்லை. வாசலில் முதல் துளி விழுந்தது.

அதுவரை ஒதுங்கியே இருந்த ஆர்கான் அப்போதுதான் பேசினார்.

"நாங்க எட்டுப் பேரும் போர்த்திருக்கிறது மூணு சுற்றுப் போர்வை. ஆளுக்கு ஆள் உள்ளேயிருந்து இழுக்கிற இழுப்பு கூடிக்கிட்டே போகுது. அதனாலதான் ஒடுங்கிட்டே வர்றோம். இவனுக்கு மேலே நாலாவதா ஒரு சுற்று இருக்கு. இவன் எங்க வரிசையே இல்ல, அடுத்த வரிசைக்கு முதல் ஆள்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றது சிட்டு.

"நீ கேக்கலையே."

சண்டைபோட நேரமில்லை. குகையின் மூலையில் ஒரு குழியில் மண்ணெண்ணெய் ஊறிக் கிடந்தது. சிட்டு அலகால் முட்டி முட்டி பொட்டாசியத்தை அதற்குள் தள்ளியது. அவன் முங்கினான். கூரை ஒழுகி எண்ணெய்மேல் தண்ணீர் விழுந்தது. அது எண்ணெய்க்குள் இறங்கி அவனைத் தொட்டுவிடுமே என்று எல்லாரும் பயந்தார்கள். சிலிக்கான் தன் சட்டையைக் கழற்றிக் குழியை மூடினான்.

மழை மூன்று நாள் பெய்தது. பொட்டாசியம் பிழைத்தான். சிட்டின் கூட்டுக்கு இலை இல்லை. அந்த வருஷம் அது முட்டையிட்டது வெறும் பாறை இடுக்கில். இரண்டு முட்டை உருண்டு உடைந்தன.

மழை விட்டதும் சிட்டு நூலோடு வந்தது. ஒன்பது பேர் இடுப்பையும் அளக்கக் கேட்டது. ஆர்கான் மறுபடியும் வேண்டாம் என்றார். மற்ற எட்டுப் பேரையும் சுற்றி அளந்து, அந்தந்த நீளத்துக்கு நூல் வெட்டி, வாசல் கொடியில் வரிசையாகக் கட்டியது. ஏழு நூல்கள் படிப்படியாய்க் குட்டையாகிக்கொண்டே வந்தன. எட்டாவது இடத்தில் வெறும் முடிச்சு. ஒன்பதாவது நூல் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே தொங்கியது.

பொட்டாசியம் இன்னும் எண்ணெய்க்குள்தான் இருக்கிறான். சட்டை கிழிந்த பிறகு சோடியமும் அங்கேயே போய்விட்டான். வேதியியல் வகுப்பில் பிள்ளைகள் கொடி கட்டி, அளந்து வெட்டின நூல்களைத் தொங்கவிடும் பழக்கம் அந்த மழைக்குப் பிறகு வந்ததுதான். ஒன்பதாவது நூல் வந்ததும் யாராவது ஒரு பிள்ளை கத்தரிக்கோலை நிறுத்தி, "மிஸ், இது தப்பா இருக்கே" என்று கேட்பதும் அன்று தொடங்கித்தான்.