செந்தலையன் முடிக்காத பொந்து

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் செந்தலையன் என்றொரு மரங்கொத்தி இருந்தான். பொந்து குடைந்து கொடுப்பது அவன் தொழில். கிளிக்கு ஓர் அளவு, மைனாவுக்கு ஓர் அளவு, ஆந்தைக்கு ஓர் அளவு. கூலியாகப் புழுவோ பழமோ கொடுத்துவிட்டு அவரவர் குடும்பத்தோடு குடியேறிவிடுவார்கள்.

தொழிலில் அவனுக்குப் பெருமை அதிகம். கழுகுக்கும் அவன் தலைவணங்கியதில்லை. முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே. ஆனால் திட்டுவதற்கும் ஆள் கிடையாது, திட்டு வாங்குவதற்கும் ஆள் கிடையாது.

நாற்பது வீடு கட்டிக் கொடுத்தவனிடம் ஒரு வீட்டிலும் "உள்ளே வந்து உட்கார்" என்று யாரும் சொன்னதில்லை. கட்டுகிறவரைக்கும் "அண்ணே, அண்ணே!" குடிபுகுந்த மறுநாள் வாசலில் போய் நின்றால், "என்ன, ஏதாவது வேணுமா?" உழைத்தவனை வாசலோடு அனுப்புவது அந்தக் காட்டிலும் வழக்கமாகத்தான் இருந்தது.

கிழக்குக் கரையில் பொன்முதுகி என்ற இன்னொரு மரங்கொத்தி இருந்தாள். அதே தொழில். ஆகவே எதிரி! இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுடைய 'டொக் டொக்' மட்டும் தண்ணீரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

"அவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேலை வருது!" என்று செந்தலையன் புழுங்குவான். வேலை இல்லாத நாட்களில் அவனும் ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்து சும்மாவே தட்டுவான். தன் தொழில் படுத்துவிடவில்லை என்று அக்கரைக்குக் காட்ட வேண்டாமா?

சித்திரையில் ஒரு நாள் மஞ்சமூக்கி என்ற மைனா தன் கணவனோடு வந்தாள்.

"அண்ணே! எட்டு நாள்ல முட்டை வைக்கணும். அதுக்குள்ள பொந்து வேணும்!"

"ஆறே நாள்ல முடிச்சிடறேன், தங்கச்சி!"

மைனாக்கள் வாயாடிகள். செந்தலையன் கொத்தக் கொத்த, பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பேசித் தள்ளினார்கள். முயல் வீட்டு மாமியார் சண்டை, தவளைக்குத் தொண்டை கட்டிய கதை, மயிலுக்கு இறகு உதிர்ந்து அது வெளியே தலைகாட்டாத கதை. செந்தலையன் சிரித்துச் சிரித்து இரண்டு முறை பிடி நழுவித் தடுமாறினான். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவனுக்கே நினைவில்லை.

ஐந்தாம் நாள் பொந்து ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்னும் நான்கு விரல் ஆழம்தான் பாக்கி. அரைநாள் வேலை.

'முடித்தால் இவர்கள் உள்ளே போய்விடுவார்கள். நான் வெளியே நிற்பேன்' என்று நினைத்தான். அலகு தானாக நின்றது.

"உள்ளே ஒரு கணு இருக்கு, தங்கச்சி. இரும்பு மாதிரி! நாளைக்குப் பார்த்துக்கலாம்."

கணுவும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாள், "கழுத்து பிடிச்சிருக்கு" என்றான். அதற்கு மறுநாள், "இன்னைக்கு நாள் சரியில்லை" என்றான். நாளும் நட்சத்திரமும் பார்த்து எந்த மரங்கொத்தியும் கொத்தியதில்லை. பொய் சொல்லத் தொடங்கியவனுக்குப் பஞ்சாங்கமும் துணைக்கு வந்துவிடுகிறது!

எட்டாம் நாள் மதியம் மேற்கே கருமேகம் திரண்டது. மஞ்சமூக்கி வயிற்றைச் சுமந்துகொண்டு கிளையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கணவன் மைனாவுக்குப் பொறுக்கவில்லை. பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"யோவ்! கணு எங்கேய்யா?"

செந்தலையன் வேறு பக்கம் திரும்பிச் சிறகைக் கோதினான்.

"கேக்கிறேன்ல! உள்ளே மரம் வெண்ணெய் மாதிரி இருக்கு! எங்க முட்டை மழையில கிடக்கணுமா?"

"இல்ல தம்பி... முடிச்சிட்டா நீங்க உள்ள போயிடுவீங்க. எனக்குப் பேச ஆள் இருக்காது. அதான்..."

மஞ்சமூக்கி நிமிர்ந்து பார்த்தாள். "பேச ஆள் வேணும்னு கேட்டிருந்தா, பேசியிருப்போமே! எங்க வீட்டை ஏன் பிடிச்சு வச்சீங்க?"

செந்தலையன் வெட்கத்தில் பொந்துக்குள் பாய்ந்தான். வெறி கொண்டு கொத்தினான். நாலு கொத்துக்கு ஒரு முறை வெளியே வந்து சிராயைத் துப்ப வேண்டியிருந்தது. இந்தக் கணக்கில் பொழுது சாய்ந்துவிடும். மழையோ தூரத்து மரங்களின் மேல் இறங்கிவிட்டது!

இன்னோர் அலகு வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரம் குடையத் தெரிந்த இன்னோர் அலகு அக்கரையில்தான் இருந்தது.

'அவளிடமா? சிரிப்பாள். காடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்!'

மஞ்சமூக்கி வலியில் முனகினாள். செந்தலையன் சட்டென்று பறந்துவிட்டான்.

அக்கரையில் பொன்முதுகி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அருகே போனவன் திகைத்துப் போனான். அவள் தட்டிய மரத்தில் பொந்தே இல்லை. வாடிக்கைக்காரரும் இல்லை. வெறும் பட்டமரம்!

"என்ன பார்க்கிறே?" என்று பொன்முதுகி சீறினாள். "எனக்கு இருபது நாளா வேலை இல்லை. நீயோ அங்க விடாம தட்டுறே. நான் மட்டும் சும்மா இருந்தா என்ன நினைப்பே?"

"அக்கா... நான் தட்டுறதுல பாதி நாள் வெத்து மரம்தான்!"

பொன்முதுகி அவனையும் தன் பட்டமரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"சிரிக்க நேரமில்லைக்கா! மைனா முட்டை வைக்கப் போகுது. என் தப்பால பொந்து முடியல. வந்து கை கொடு!"

"இதை முதல்ல சொல்றதுக்கென்ன! பற!"

இருவரும் மாறி மாறி இறங்கினார்கள். ஒருவர் கொத்த, ஒருவர் சிராயை வாரி எறிந்தார்.

"வாசல் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு! யாருடா உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது?" என்று பொன்முதுகி கத்தினாள். கத்திக்கொண்டே தண்ணீர் வெளியே வழியும்படி கீழ் விளிம்பைச் செதுக்கிச் சரித்தாள்.

கடைசிச் சிராய் வெளியே விழுந்தது. மஞ்சமூக்கி உள்ளே போனாள். மழை அடித்துக்கொண்டு வந்தது. பொந்துக்குள் ஒரு துளியும் போகவில்லை.

கணவன் மைனா வாசலில் நின்று, "கோபம் இன்னும் போகலை, அண்ணே" என்றான். "கூலி தரமாட்டேன்."

"வேண்டாம் தம்பி. எனக்கு அதுல உரிமையில்லை."

மரங்கொத்திகள் இருவரும் நனைந்தபடி கீழ்க்கிளையில் உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கு உனக்கு என்ன வேலை, அக்கா?"

"ஒண்ணும் இல்லை."

"எனக்கும் இல்லை. அக்கரைக்கு வரட்டுமா?"

"வா. அந்தக் கஞ்சக் கிளி என்னை ஏமாத்தின கதையைச் சொல்றேன்."

"எந்தக் கிளி? கழுத்துல கறுப்பு வளையமா?"

"உன்னையும் ஏமாத்திடுச்சா!"

விடிவதற்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே, அந்த மழையிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

தனியாகத் தொழில் நடத்துபவரின் தனிமை வாடிக்கைக்காரரைப் பிடித்து வைப்பதால் தீராது. போட்டி என்று ஒதுக்கிவைத்த சக தொழிலாளியிடம் உள்ளதைச் சொல்லிக் கைகோத்தால்தான் தீரும்.