ஒரே ஒரு மிதவை வேலி

துறைமுகத்தில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்த ஆறுமுகநயினாருக்கு ஒரு குரு இருந்தார். குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. ஊரில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நயினார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துறைமுகச் சுவருக்கு வெளியே ஒரு பழைய படித்துறை. தினமும் விடிந்ததும் குரு அங்கேதான் முழுகுவார். கொஞ்சம் தெற்கே கழிமுகம். அங்குள்ள அலையாத்தி மரங்களின் வேர்களுக்குள் இறால் குஞ்சுகள் வளரும். அதை நம்பித்தான் மீனவர் குப்பத்தில் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் விடியலில், கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் குழாய் பிய்த்துக்கொண்டது. கறுப்பு எண்ணெய் தண்ணீரில் பரவியது. அது கடல் ஏறிக் கழிமுகத்துக்குள் புகுகிற நேரம். எண்ணெயை மறிக்கும் மிதவை வேலிகளில் கிழியாமல் இருந்தது ஒன்றுதான். மற்றவற்றைத் தைக்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

நயினார் யோசிக்கவே இல்லை. படகில் போய், குருவின் படித்துறையைச் சுற்றி வேலியைக் கட்டினார். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், பக்தியும் மறைக்கும்போலிருக்கிறது.

குரு வந்தார். வேலிக்குள் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் அதில் இறங்கவில்லை. கரையோடு நடந்து கழிமுகத்துக்குப் போனார். எண்ணெய் அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. அதில் இறங்கி முழுகினார். எழுந்தபோது தலையிலிருந்து இடுப்புவரை கறுப்பு.

நயினார் பதறி ஓடிவந்தார்.

“என்ன சாமி இது! உங்களுக்காகத்தானே அங்க வேலி போட்டேன்?”

“தெரியுது.”

“பின்ன ஏன் இங்க முழுகுனீங்க?”

“இங்க இருக்கிறதெல்லாம் இன்னைக்கு இதுலதான முழுகணும்?”

நயினார் மரங்களைப் பார்த்தார். கறுப்பு இன்னும் வேர்களைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் தொட்டுவிடும். எதிர்க்கரையில் குப்பத்துப் பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு நயினாரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“வேலியை இங்க கொண்டாந்துரவா, சாமி?”

“என்கிட்ட ஏன் கேக்கிறீங்க?”

“அங்க அவுத்தா உங்க துறைக்குள்ள எண்ணெய் வந்துருமே. படியெல்லாம் பாழாயிரும்.”

இமையில் வழிந்த எண்ணெயைக் குரு புறங்கையால் துடைத்தார்.

“வரட்டும் நயினார். படியைத் தேச்சுக் கழுவ எனக்குக் கை இருக்கு.”