மேசை விளிம்பில் ஒரு டம்ளர்

“மேடம், இந்தப் படிப்பு எனக்குச் சரிவராது போல” என்றான் இசக்கிராஜ்.

ஹெப்சிபா மேடம் கைரேகைப் பிரிவில் வேலை பார்ப்பவர். குற்றவியல் மாணவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி தர வந்திருந்தார். முடிவில் ஒரே ஒருவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று மாதம் அழைத்துக்கொள்வார்.

அந்த ஓர் இடத்தை நினைத்து இசக்கிராஜ் சரியாகச் சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது. அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான்.

“என்ன சரிவரலை?”

சொன்னான்.

பயிற்சிக்காகக் குற்றவியல் துறையின் ஓர் அறையைக் கொலை நடந்த இடமாக மாற்றியிருந்தார்கள். தரையில் ஒரு பொம்மை. மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் பவுடர் தூவி, ஒரு பெருவிரல் ரேகையை டேப்பில் எடுத்தாயிற்று. சந்தேக நபர்களாக நடித்த ஐந்து அலுவலர்களின் ரேகைகள் ஐந்து சீட்டுகளில் இருந்தன; டம்ளரில் இருந்தது யாருடையது என்று மாணவர்கள் ஆளுக்கொரு அறிக்கை எழுத வேண்டும்.

மற்ற எல்லோரும் மூன்றாவது சீட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது கிளார்க் வைகுண்டத்தின் சீட்டு. தூக்குத் தண்டனைக்கு முன்னால் பொங்கல் லீவு உண்டா என்று அவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணாவது சீட்டோட எனக்கு ஆறு புள்ளிதான் ஒத்துப்போகுது மேடம். ஏழாவதுல கோடு வேற பக்கம் போகுது. ‘ஏல, கோடு சரியாத்தான் போகுது, உன் கண்ணைக் காட்டு’ங்கான் கூடப் படிக்கிற சுடலைமணி.”

மேடம் சிரிக்கவில்லை. “அந்த அறைக்குள்ள அஞ்சு பேர்தான் வந்தாங்களா?”

இசக்கிராஜ் போனான்.

கூட்டிப் பெருக்கும் பேச்சியம்மாளிடம் ரேகை கேட்டான். ரேஷன் கடையிலேயே தன் விரல் பதிய மாட்டேன் என்கிறது என்று அவள் எச்சரித்துவிட்டுத்தான் கையை நீட்டினாள். பிறகு, மின்விசிறி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன்.

இரண்டும் பொருந்தவில்லை.

“வேற யாரு?” என்றார் மேடம்.

அவன் தயங்கினான். “நீங்களும் வந்தீங்க, மேடம்.”

அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவன் மை தடவி ஒவ்வொரு விரலாகத் தாளில் உருட்டினான்.

அதுவும் பொருந்தவில்லை.

விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே மேடம் சொன்னார். “இன்னும் ஒரு ஆள் பாக்கி.”

இசக்கிராஜ் தன் கையைப் பார்த்தான்.

பயிற்சியின் முதல் நாள். கையுறை கொடுப்பதற்கு முன்னால். டம்ளர் மேசையின் விளிம்பில் இருந்தது. அவன் அதை உள்ளே தள்ளி வைத்தான். வீட்டில் டம்ளர் விளிம்பில் இருந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள்.

பெருவிரலை உருட்டினான்.

பன்னிரண்டு புள்ளி ஒத்துப்போனால் போதும் என்று மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கேயாவது மாறாதா என்று பதினேழு வரை எண்ணினான். மாறவில்லை.

வெறுங்கையால் தடயத்தைத் தொட்டவருக்குப் பூஜ்யம். விதித்தாளின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

அறிக்கைத் தாள் வெள்ளையாகக் கிடந்தது. மூன்றாவது சீட்டு என்று எழுதினால் மற்றவர்களின் அறிக்கையோடு ஒத்துப்போகும். வெளியே வைகுண்டம் யாரிடமோ தன் லீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜ் எழுதினான். கொண்டுபோய்க் கொடுத்தான்.

படித்துக்கொண்டே வந்த மேடம் கடைசி வரியில் நின்றார். ‘தயவுசெய்து என்னை மன்னிக்கவும்.’

“இதை அடி. அறிக்கையில இதுக்கு இடம் கிடையாது.”

அடித்தான். “அப்போ என்ன எழுத?”

“எத்தனை மணிக்குத் தொட்டே, எந்தக் கையால தொட்டே. எழுதிக் கையெழுத்துப் போடு.”

போட்டான். மேடம் பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் எழுந்துபோய் அந்த டம்ளரைக் குழாயில் கழுவினார். பவுடர் போகத் தேய்த்தார். தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, மேசையின் விளிம்பில், பாதி வெளியே தெரியும்படி வைத்தார்.

இசக்கிராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“திங்கட்கிழமை என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தும் இப்படித்தான் நிப்பியா?” என்றார் மேடம். “எடுத்துக் குடி. விழுந்துரப்போகுது.”