இரண்டு கன்னங்கள்

இதை எனக்கு முதலில் சொன்னவர் செல்லக்கனியக்கா, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர். என் சின்னவன் பிறந்து, என் முகத்தில் மங்கு கறுப்பாய்ப் படர்ந்த வருஷம் அது. அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை இருந்ததாம். நடத்தியவர் மரகதம். அவரிடம் வைத்தியம் கற்க வந்த குழல்மொழி ஆறு வயது மூத்தவர். அதனால் குருவே சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவாராம்.

அங்கே ஒரு வழக்கம். எந்தப் பூச்சு மருந்தானாலும், கொடுக்கிறவர் கன்னத்தில் நாற்பத்தெட்டு நாள் இருந்த பிறகுதான் அடுத்தவர் முகத்துக்குப் போகும். மரகதத்தின் கன்னத்தில் அப்படி வந்த தழும்பு இரண்டு உண்டு.

மங்குக்கு அவர் கொடுத்தது, அதிமதுரத்தைப் பாலில் இழைத்த விழுது. மெதுவாகத்தான் கேட்கும். குழல்மொழி சந்தையில் பெயர் ஒட்டாத களிம்பு டப்பா ஒன்று வாங்கினார். இரண்டில் எது மேல் என்று பார்த்துவிட ஆசை. தன் கன்னத்தில் வைக்க மட்டும் கை வரவில்லை.

அந்த வாரம், பிள்ளை பெற்று ஐந்து மாதமான தெய்வானை மங்கோடு வந்தாள். இடக் கன்னத்துக்கு விழுது, வலக் கன்னத்துக்குக் களிம்பு. குருவிடம் சொல்லாமல் கொடுத்தனுப்பினார்.

ஒன்பதாம் நாள் வலக் கன்னம் பளிச்சென்று ஆனது. "இந்தப் பக்கமாகவே திரும்பி உட்காரு, இதுதான் என் மருமகள்" என்று மாமியார் கேலி பேசினாளாம். தெய்வானை சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

டப்பா தீர்ந்தது. சந்தையில் விற்றவனைக் காணோம்.

களிம்பு நின்ற நாலாம் நாள் தெய்வானை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வலக் கன்னம் சிவந்து தடித்து, ஓரமெல்லாம் முன்னைவிடக் கறுத்திருந்தது. வெயில் பட்டால் நெருப்பாய் எரிகிறது என்றாள். பிள்ளை தன் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுகிறது என்றாள்.

குழல்மொழி அவளைக் கையோடு உள்ளே கூட்டிப்போனார். நடந்ததையெல்லாம் குருவிடம் சொன்னார்.

மரகதம் திட்டவில்லை. ஈரத்துணியால் தெய்வானையின் கன்னத்தை மெல்ல ஒற்றினார். பிறகு அந்த டப்பாவைக் கேட்டு வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார். விரலைக் குழல்மொழியின் கன்னத்தருகே கொண்டுபோனார்.

குழல்மொழி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குரு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்காக்கா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கும் இருந்ததா?"

"இருந்தது."

"அந்தப் பயத்தை இவளுக்காகவும் பட்டிருக்கலாமே."

குழல்மொழி ஈரத்துணியைக் கையில் வாங்கிக்கொண்டு தெய்வானையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் கன்னம் ஆறியதா என்று செல்லக்கனியக்கா சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயமாக இருந்தது. நீங்கள் விளக்கேற்றும்போது தெய்வானையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.